பாட்டிலுக்குச் சட்டை தைக்கச் சொன்ன மதினிக்கு

வீட்டையும் எங்களையும் குளிர வைத்திருந்த கோமதி மதினிக்கு,

முதலில் நீங்கள் கேட்கப் போவதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வளர்த்த இரண்டும் பெட்டித் தண்ணீரில் சுகம். வெள்ளச்சி போட்டதைத் தின்கிறாள். கருப்பன் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் துப்புகிறான். அது அவன் பழக்கம்தானே? உங்களிடமே அப்படித்தான் செய்தான், எங்களிடம் எப்படித் திருந்துவான்?

நம் சந்துச் சங்கத்தில் நினைவு மலர் போடுகிறார்கள். தவறிப்போனவர்களைப் பற்றி வீட்டுக்கு ஒருவர் எழுதித் தாருங்கள் என்று வந்து கேட்டார்கள். அண்ணனைக் கேட்டதும் அவன் எழுந்து, தண்ணீர் புழங்குகிற மோரிப் பக்கம் போய்ப் பாத்திரம் கழுவுகிறவன்போல் நின்றுகொண்டான். அதனால் நான் சொல்லுகிறேன், செயலாளர் எழுதிக்கொள்கிறார். நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் என்று உங்களுக்குத் தெரியும். எழுத்தில் பிழை இருந்தால் அது செயலாளருடையது. இப்போதே அவர், “விஷயத்துக்கு வாங்க அண்ணாச்சி” என்கிறார். நான் என்றைக்கு நேராக விஷயத்துக்கு வந்திருக்கிறேன், சொல்லுங்கள் மதினி?

விஷயம் அண்ணன்தான். நீங்கள் போன பிறகு வெகுநாள் அவன் பட்டறைக்கு வரவே இல்லை. பை வெட்டுகிற கை அவனுடையது, தைக்கிற கை என்னுடையது என்றுதான் இத்தனை வருஷமாகப் பட்டறை ஓடியது. அப்புறம் நானே வெட்டி நானே தைத்தேன். பைகள் எல்லாம் ஒரு பக்கம் தோள் சாய்ந்து நின்றன. ‘வாண்ணே’ என்று கூப்பிட்டால் ஒரே பதில்: “நான் வந்தா இதுகளுக்கு யாரு பாட்டில் மாத்துவா?”

அதுவும் பொய் இல்லை. நீங்கள் காலையில் ஒரு ஐஸ் பாட்டிலை அவற்றின் தண்ணீர்ப் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் செம்பூருக்கு வேலைக்குப் போவீர்கள். சாயங்காலம் வந்துதான் பெட்டியைத் திறப்பீர்கள். அண்ணன் வைத்த பாட்டிலோ அவன் குளித்துவிட்டு வருவதற்குள் பாதி கரைந்துவிட்டது. அவன் அதை எடுத்து, அடுத்ததைப் போட்டு, அது கரைவதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்திருந்தான். அதே பெட்டி, அதே ஃப்ரிட்ஜ், அதே பாட்டில். உங்கள் கைக்கு நின்ற குளிர் அவன் கைக்கு ஏன் நிற்கவில்லை?

இந்தப் பெட்டி ஒரு பகல் முழுக்கத் தானாகக் குளிரைப் பிடித்தால்தான் என் அண்ணன் அந்த அறையை விட்டு வெளியே வருவான். வெயில் முற்றுவதற்குள் அது நடக்கவில்லையென்றால் மனுஷன் அங்கேயே உட்கார்ந்து உளுத்துப்போவான் என்று பயந்தேன். என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஆனால் நீங்கள் அவற்றைக் கொண்டுவந்த கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசில்லை. மலரைப் படிக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டாமா?

செம்பூரில் நீங்கள் வேலை பார்த்த வீடுகளில் ஒரு வீட்டுக்காரர்கள் வெளிநாட்டுக்கே குடிபோகிறார்கள், சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டது. மகன் ஆசைப்பட்டு வளர்த்த இரண்டு உயிர்கள் மட்டும் கண்ணாடித் தொட்டியில் மிச்சம். அந்த வீட்டு அம்மா உங்களிடம், போகிற வழியில் சாக்கடையில் கொட்டிவிட்டுப் போ என்று சொல்லியிருக்கிறாள். நீங்கள் மதியச் சாப்பாடு கொண்டுபோன தூக்குவாளியைக் கழுவி, தொட்டித் தண்ணீரையே அதில் மொண்டு, இரண்டையும் அதற்குள் விட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தீர்கள். பக்கத்து சீட்டுப் பெண் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி ஓடியதாக நீங்கள் சொல்லுவீர்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடினாள்.

வீட்டுக்கு வந்து வாளியைத் திறந்தீர்கள். அண்ணன் எட்டிப் பார்த்தான்.

“என்னட்டி இது? பல்லி மாதிரியும் இருக்கு, மீன் மாதிரியும் இருக்கு?”

“சாலமாண்டராம். தண்ணிக்குள்ளயே கெடக்கிற சாதியாம். அந்த வீட்டுப் பையன் சொன்னான்.”

“என்னமும் இருந்துட்டுப் போகட்டும். காலையில கொண்டுபோய்ச் சாக்கடையில விட்டுரு.”

“சாக்கடையில போடச் சொன்னதாலதான் தூக்கிட்டு வந்தேன். நீங்களும் அதையே சொல்லுதிய.”

நான் சும்மா இருக்கலாம் அல்லவா? “மதினி, குழம்பு வச்சா முள்ளு இருக்குமா?” என்றேன்.

“ஒமக்குக் கட்டாயம் வைக்கேன் கொழுந்தனாரே. முள்ளத் தனியா எடுத்து ஒம்ம தொண்டையில நானே சொருகுதேன்.”

அன்றைக்குத்தான் நான் முதலில் நன்றாகப் பார்த்தேன். ஒரு சாண் நீளம். ஒன்று பால்போல வெள்ளை, ஒன்று கரி. கழுத்தைச் சுற்றிச் சிவப்பு இறகு வைத்த மாதிரி செவுள்கள், தண்ணீரில் அலைந்துகொண்டே இருக்கின்றன. பிறந்த பிள்ளைக்கு இருப்பதுபோல் கை, அதில் குட்டிக் குட்டி விரல். வாய் இரண்டு பக்கமும் மேலே வளைந்து எப்போதும் சிரித்தபடி. திட்டினாலும் சிரிக்கும், பசித்தாலும் சிரிக்கும். இப்படி ஒன்றோடு எப்படிச் சண்டை போடுவது? அதனால்தான் அண்ணன் முதல் வாரத்திலேயே தோற்றுப்போனான்.

அந்த முதல் வாரத்தில் நீங்களே அவற்றைக் கொல்லப் பார்த்தீர்கள். கோபப்படாதீர்கள், நீங்களே சொல்லிச் சிரித்ததுதான். நம் சந்தில் காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் எந்தப் பொம்பளையும் முதலில் செய்வது என்ன? நேற்றுப் பிடித்த தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குடத்தைத் தேய்த்துப் புதுத் தண்ணீர் பிடிப்பது. பழைய தண்ணீர் வைத்திருக்கிற வீடு என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். நீங்களும் அந்த மரியாதையை அந்த இரண்டுக்கும் செய்தீர்கள். தினமும் அவற்றை விட்டிருந்த பிளாஸ்டிக் டப்பைக் காலி செய்து, தேய்த்து, புதுத் தண்ணீர் நிறைத்தீர்கள். அவையோ வாடின. இறகு சுருண்டது. வெள்ளச்சியின் தோல் வெங்காயச் சருகுபோல உரிந்தது. நீங்கள், அழுக்குப் போகவில்லையோ என்னவோ என்று, இன்னும் அழுத்தித் தேய்த்தீர்கள்.

பிறகு ஒரு முறை எங்கேயோ பைப் உடைந்து சந்துக்கே தண்ணீர் வரவில்லை. வேறு வழியில்லாமல் பழைய தண்ணீரிலேயே அவற்றை விட்டு வைத்தீர்கள். ஐயோ போச்சே போச்சே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டீர்கள். குழாய் திரும்ப வந்த காலையில் பார்த்தால் இரண்டும் இறகை விரித்துக்கொண்டு அடியில் உலாவுகின்றன! நீங்கள் புதுத் தண்ணீரைக் கையில் மொண்டு மோந்து பார்த்தீர்கள். பழையதை மோந்து பார்த்தீர்கள். “இதுல மருந்து வாடை அடிக்கு. கெடந்து கெடந்து அதுல போயிருக்கு” என்றீர்கள். யாரும் சொல்லித் தரவில்லை. மூக்குதான் சொன்னது.

அன்றிலிருந்து வீட்டின் சட்டமே தலைகீழாக மாறியது. நீல டிரம்மில் திறந்து ஆறப்போட்ட தண்ணீர் அவற்றுக்கு. அதில் நாங்கள் கை கழுவினால்கூடக் கரண்டி பறந்து வரும். முழுசாக மாற்றுவது போய், அழுக்கை மட்டும் ஒரு செம்பால் அள்ளிவிட்டு ஆறின தண்ணீரை மெல்ல ஊற்றுவது வந்தது. எங்களுக்குப் புதுத் தண்ணீர், அவற்றுக்குப் பழைய தண்ணீர். “இந்த வீட்டுல பல்லிக்குத்தான் மரியாதை” என்று அண்ணன் முனகுவான். முனகிக்கொண்டே டிரம்மைத் தூக்கி நிழலில் வைப்பான்.

தண்ணீர்ச் சிக்கல் தீர்ந்தது, வெயில் வந்தது. தலைக்கு மேலே தகரம், பக்கத்துச் சுவரில் அடுத்த வீட்டு அடுப்பு. அந்த இரண்டும் பனி இறங்கும் ஊர்த் தண்ணீரில் வாழப் பிறந்தவை. நம் அறையில் மனுஷனே வெந்துகொண்டிருக்கிறான்! வேறு யாராக இருந்தாலும் கையை விரித்திருப்பார்கள். நீங்கள் மீன் மார்க்கெட்டில் போய் நின்றீர்கள்.

ஐஸில் மீன் வருகிற பெரிய வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, தலையில் வைத்து நடந்தே வந்தீர்கள். நாற்றம் போக எலுமிச்சைத் தோல் போட்டு ஊறவைத்துக் கழுவினீர்கள். அதற்குப் பிறகும் சந்துப் பூனைகள் எல்லாம் நம் வாசலில் வரிசை கட்டி உட்கார்ந்திருந்தன. பெட்டிக்குள்ளே இட்லி மாவு கரைக்கிற பெரிய பிளாஸ்டிக் டப்பை இறக்கினீர்கள். டப்புக்கும் பெட்டிக்கும் நடுவில் நாலு பக்கமும் இடைவெளி. அதில் எதையோ அடைத்து, மேலே அட்டை வைத்து டேப் ஒட்டினீர்கள். என்ன என்று கேட்டதற்கு, “பொம்பளை அடுப்படியில நூறு வைப்பா, எல்லாத்தையும் கேப்பேரா?” என்றீர்கள். மூடியில் கம்பியைக் காய்ச்சிக் காற்றுக்கு ஓட்டை போட்டீர்கள். தலைமறைய உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தீர்கள். அவற்றுக்கு வெளிச்சம் பிடிக்காது என்பதையும் கண்டுபிடித்திருந்தீர்கள், அவை ஓடி ஒளிகிற மூலையை வைத்து.

அப்புறம்தான் பட்டறைக்கு வந்து என் மெஷின் முன்னால் ஒரு குளிர்பான பாட்டிலை வைத்தீர்கள்.

“கொழுந்தனாரே, இதுக்கு ஒரு சட்டை தையும்.”

“யாருக்கு?”

“பாட்டிலுக்கு. உள்ள பஞ்சு வச்சு, மேல ரெக்சின். வாயில நாடா.”

“பட்டன் வேண்டாமா மதினி? காலர்?”

“ஒம்ம கல்யாணச் சட்டை மாதிரி இருக்கக் கூடாது. அளவா இருக்கணும்.”

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போனாலும் தைத்துக் கொடுத்தேன். ஐஸ் பாட்டிலை வெறுமனே தண்ணீரில் போட்டால் ஒரேயடியாகச் சில்லிட்டு அவை விறைத்துப்போகின்றன, கொஞ்ச நேரத்தில் உருகியும் விடுகிறது. சட்டை போட்டால் குளிர் மெதுவாக, கசிந்து கசிந்து, பகல் முழுக்க வெளியே வருகிறது. ஐஸ்காரன் கட்டியைச் சாக்கில் சுற்றித் தூக்கிப் போவதை நானும்தான் தினம் பார்க்கிறேன். எனக்கு ஏன் தோன்றவில்லை? மாட்டுங்காவில் செடி விற்கிறவரிடம் அவற்றுக்குத் தீனியாக மண்புழு கேட்டு வாங்கி வந்தது உட்பட எல்லாவற்றையும் நீங்கள் யாரிடமும் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு வெயில் காலம் அந்த இரண்டும் பிழைத்தன. அதுவே போதும் என்றிருந்தீர்கள்.

செயலாளர் பேனாவை மூடிவிட்டார். டீ குடித்துவிட்டு வந்து தொடர்கிறேன்.

வந்துவிட்டேன். இனிமேல் சொல்லப்போவதுதான் கஷ்டம்.

ஒரு நாள்கூடப் படுக்காமல், குழாயடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான். அதைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தெரியவில்லை. உங்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நாங்கள் ஆம்பளைகள் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தபோது நடந்ததை மட்டும் சொல்லுகிறேன். அது உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

விக்ரோலி அத்தை வந்திருந்தாள். அவளைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு வந்தாலும் தன் தலையணையைத் தானே கொண்டு வருவாள். சாங்கியம் ஒன்று விடாமல் செய்ய வேண்டும் அவளுக்கு. பிணம் எடுத்த வீட்டில் சொட்டுத் தண்ணீர் நிற்கக் கூடாது, எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்து வீட்டைக் கழுவ வேண்டும். ஊர் முறை அதுதான், அவள் பேரில் குற்றம் இல்லை. குடம், தவலை, செம்பு, ஃப்ரிட்ஜிலிருந்த பாட்டில் எல்லாம் காலி. உங்கள் நீல டிரம்மும் காலி. நாங்கள் ஈர வேட்டியோடு வாசலில் நிற்கிறோம், உள்ளே அத்தையும் இன்னும் இரண்டு பொம்பளைகளும் பெட்டியை மோரிக்கு இழுத்துப் போய்ச் சரித்துவிட்டார்கள். தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. அடியில் விரல் ஆழத் தண்ணீரில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன.

சுடுகாட்டில் ஒரு வார்த்தை பேசாத அண்ணன் பேசினான்.

“அத்தை, கையை எடுங்க.”

“ஏல, தீட்டு வீட்டுல தண்ணி நிக்கக் கூடாதுல.”

“தீட்டு எனக்கு. அதுகளுக்கு ஏது தீட்டு?”

“ஏன், அதுக இந்த வீட்டுக்குச் சொந்தம் இல்லியா?”

“சொந்தந்தான்.”

“சொந்தம்னா அதுகளும் தலை முழுகணும்லா?”

“அதுக பொறந்ததுலேர்ந்து முழுகித்தான் கெடக்கு அத்தை.”

மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த பொம்பளைகளில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தைக்கே வந்தது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உங்கள் துட்டி வீட்டில் ஒரு நிமிஷம் எல்லோரும் சிரித்தோம் மதினி. நீங்கள் இருந்திருந்தால் எங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்திருப்பீர்கள்.

சிரித்து முடித்ததும் முழி பிதுங்கியது. டிரம் காலி. மறுநாள் குழாயில் வருவது புதுத் தண்ணீர், அது ஆற வேண்டும். அதுவரை? நான் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு சந்தில் இறங்கி வீடு வீடாக, “பழைய தண்ணி இருக்கா?” என்று கேட்டேன். துட்டி வீட்டு ஆள் என்று இரக்கப்பட்டவர்கள்கூட அந்தக் கேள்வியைக் கேட்டதும் முறைத்தார்கள். “எங்க வீட்டுல என்ன பழைய தண்ணி? தெனம் தேச்சுக் கழுவித்தான் பிடிக்கோம். யார்கிட்ட வந்து என்ன கேக்க?” வைத்திருந்தவர்களும் இல்லை என்றார்கள். நம் சந்துக்காரிகள் உயிர் போனாலும் ஒத்துக்கொள்வார்களா?

கடைசியில் எஸ்தர் கதவுதான் மிச்சம். நீங்களும் அவளும் எத்தனை மாசம் பேசவில்லை? குழாயடியில் எல்லோர் முன்னாலும் அவள் டிரம்மைப் பார்த்து, ‘இதுல தண்ணி மாத்தி எத்தனை ஞாயித்துக்கிழமை ஆச்சு’ என்று கேட்டீர்களே, அதிலிருந்து. நான் தயங்கி நின்றேன். அவளே வெளியே வந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

“இருக்கு. ஒங்க மதினி ஏசுன அதே டிரம்முதான். மூடி போட்டுத்தான் வச்சிருக்கேன், புழு பூச்சி கெடையாது. வேணும்னா மோந்து பாத்துக்கோ.”

நான் வாளியை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. தன் வாளியில் தானே மொண்டு, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்குள் வந்தாள். பெட்டியில் மெதுவாக ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, “ஏசுறதுக்கு ஆளில்லாமப் பண்ணிட்டுப் போயிட்டியேட்டி” என்று அழுதாள். இரண்டும் இறகை விரிக்கும்வரை அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். உங்கள் எதிரியின் தண்ணீரில்தான் உங்கள் பிள்ளைகள் பிழைத்தன. இதை நீங்கள் அங்கே எந்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறீர்களோ!

அதற்குப் பிறகுதான் அண்ணன் உட்கார்ந்துவிட்டான். பனிக்காலத்தில் துக்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன். வெயில் ஏறியதும்தான் பாட்டில் மாற்றுகிற வேலை அவனைக் கட்டிப்போட்டது. சட்டை போட்டுத்தான் வைக்கிறான், இருந்தும் நிற்கவில்லை. ஃப்ரிட்ஜைக் குறை சொன்னான். பாட்டிலைக் குறை சொன்னான். கடைசியில், “அவ கை வேற, என் கை வேற” என்றான்.

ஒரு காலையில் போனேன். பெட்டிக்கு அடியில் தரை ஈரம். துடைத்தாலும் திரும்ப ஈரம். பிரித்துப் பார்த்துவிடுவோம் என்றேன். அண்ணன் விடமாட்டேன் என்றான். “அவ கட்டுனது. பிரிச்சா திரும்பி வராது.” எஸ்தர் வாசலில் நின்று கத்தினாள்: “பிரிக்காட்டி அதுகளும் திரும்பி வராது அண்ணாச்சி!” அவன் அரை மனதாகத் தலையை ஆட்டினான். இரண்டையும் எஸ்தர் வீட்டு வாளிக்கு மாற்றிவிட்டு, நீங்கள் ஒட்டிய டேப்பை நான் உரித்தேன்.

அட்டையைத் தூக்கினால் உள்ளே நுரைப் பஞ்சுத் துண்டுகள். பைக்கு வார் வைக்கிறபோது விழுகிற கத்தரிப்புகள். சிவப்பு, பள்ளிக்கூடப் பைக்கு வாங்கினது. நீலம், டிராவல் பைக்கு. மஞ்சள் ஒன்று, ஒரே ஒரு ஆர்டருக்கு எடுத்தது. எல்லாம் என் மெஷின் காலடியில் விழுந்தவை. நீங்கள் சாயங்காலம் செம்பூரிலிருந்து வந்த களைப்போடு பட்டறைக்கு வந்து, ‘ஆம்பளைக இருக்கிற எடம் காடு மாதிரி கெடக்கு’ என்று திட்டிக்கொண்டே கூட்டி அள்ளிப் போவீர்களே! மதினிக்கு நம் பேரில் எவ்வளவு பாசம் என்று நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். நீங்கள் பொறுக்கிப் போனது உங்கள் பெட்டிக்கு! நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அப்படியே அழுகையும் வந்தது.

அந்தப் பஞ்சை அள்ளினால் கனத்தது. பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. டப்பின் அடியில் ஒரு விரிசல். அன்றைக்கு மோரிக்கு இழுத்துச் சரித்தபோது விழுந்திருக்க வேண்டும். அதிலிருந்து தண்ணீர் கசிந்து கசிந்து, மாசக்கணக்கில் பஞ்சு நனைந்து கிடந்திருக்கிறது. காய்ந்த பஞ்சு குளிரை வெளியே விடாது. நனைந்த பஞ்சு வாசலைத் திறந்து வைத்த மாதிரி. அண்ணனிடம் காட்டினேன்.

“ஒன் கை இல்லண்ணே. டப்பு ஒடைஞ்சிருக்கு.”

அவன் விரிசலை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். பிறகு எழுந்து, வெகுநாள் கழித்துத் தன் வெட்டுக்கத்தியை எங்கே வைத்தோம் என்று தேட ஆரம்பித்தான்.

புதுப் பெட்டி கட்டினோம். மார்க்கெட்டில் பெட்டி கேட்டபோது மீன்காரம்மா, “ஒரு அக்கா வந்து கேப்பாங்களே, அவங்க வீடா?” என்றாள். ஆமாம் என்றேன். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். புது டப்பு இறக்கியாயிற்று. பஞ்சு அடைக்கிற வேலை என்னுடையது. நான் பை தைக்கிறவன் அல்லவா? ஒரு பொட்டு இடைவெளி இல்லாமல் குச்சியால் குத்திக் குத்தி, கல் மாதிரி இறுக்கி அடைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. வெறும் தண்ணீர் ஊற்றி, சட்டை போட்ட பாட்டிலை வைத்துப் பார்த்தோம். மதியச் சாப்பாட்டுக்குள் தண்ணீராகிவிட்டது.

நான் குச்சியைத் தூக்கி எறிந்தேன். அண்ணன் பெட்டியின் ஓரத்தைப் பிரித்து உள்ளே கையை விட்டான். பிறகு என்னைப் பார்த்துக் கத்தினான். எத்தனை நாள் ஆயிற்று அவன் என்னை ஏசி!

“ஏல, நீ என்ன தலையணையா தைக்க? இப்படி இறுக்கினா உள்ள காத்து எங்கன நிக்கும்? அவ சும்மா தூவியில்லா விட்டிருந்தா! நீ பாக்கலியா? கண்ணு இருக்கா இல்லியா ஒனக்கு?”

“பாத்தேன்.”

“என்னத்தப் பாத்த? கலரப் பாத்த. தள்ளு.”

அவனே எல்லாவற்றையும் வெளியே எடுத்து உதறினான். விரல் நுனியால் பிய்த்துப் பிய்த்து, கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி தூவினான். மூடி சரியாக உட்காரவில்லை என்று தெர்மாகோலைக் கத்தியால் ஒரே இழுப்பில் சீவினான். நூல் பிடித்த மாதிரி வெட்டு. எஸ்தர், “கை மறக்கலியே அண்ணாச்சி” என்றாள். “பேசாம இரும்மா, நீ பேசுற காத்துல பஞ்சு பறக்கு” என்றான். உங்கள் புருஷன்தான், சந்தேகமே வேண்டாம்.

இரண்டையும் விட்டோம். கருப்பன் கோபித்துக்கொண்டு மண்சட்டிக்குள் போய் முதுகைக் காட்டினான். வெள்ளச்சி நாலு மூலையும் நடந்து பார்த்துவிட்டு நடுவில் நின்று சிரித்தாள்.

மறுநாள் அண்ணன் பாட்டிலுக்குச் சட்டை மாட்டி, நாடாவைக் கட்டி, உள்ளே வைத்து மூடினான். மூடினவன் திறந்தான். திரும்ப மூடினான். எஸ்தரிடம், “நீ திறக்கக் கூடாது. திறந்தா குளிர் போயிரும். வீடு தீப்பிடிச்சா மட்டும் திற” என்று சொல்லிவிட்டு என்னோடு நடந்தான். பட்டறையில் வந்து உட்கார்ந்தான். வெட்டினான். முதல் துண்டு கோணியது, இரண்டாவது நிமிர்ந்தது. சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை, ஆனால் சாப்பிடவும் இல்லை.

சாயங்காலம் திரும்பும்போது அவன் நடை மெதுவாகிக்கொண்டே வந்தது. டீக்கடையில் நின்றான். டீ வேண்டுமா என்று கேட்டான், வாங்கினான், பாதியில் வைத்தான். செருப்பில் கல் ஏறிவிட்டது என்று குனிந்தான். கல் எதுவும் இல்லை. எனக்கும் சீக்கிரம் போய்ச் சேர மனசில்லைதான். போய்த் திறந்து, உள்ளே வெதுவெதுவென்று இருந்தால், இந்த மனுஷனை நான் திரும்ப எப்படி எழுப்புவேன்?

எஸ்தர் நம் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன, அண்ணனும் தம்பியும் தேர் இழுத்துட்டு வாரியளா? நான் தொடல. பக்கத்துலகூடப் போகல. மாதா சத்தியம்.”

அண்ணன் மூடியைத் திறந்தான். மணிக்கட்டைத் திருப்பித் தண்ணீரில் வைத்தான். எடுக்கவே இல்லை. முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு பாட்டிலை வெளியே எடுத்தான். நாடாவை அவிழ்த்தான். சட்டையைக் கழற்றினான். என் காதுப் பக்கம் கொண்டுவந்து ஒரு குலுக்குக் குலுக்கினான்.

டங் என்றது. உள்ளே இன்னும் எலுமிச்சங்காய் அளவு ஐஸ் கிடந்தது மதினி.

“கேட்டியால?”

“கேட்டேன்.”

எஸ்தரிடம் கொண்டுபோய் அவள் காதிலும் குலுக்கினான். பிறகு பாட்டிலைத் துடைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டான்: “நாளைக்கு வெட்ட வேண்டியது என்னல்லாம் கெடக்கு?”

அவ்வளவுதான் சேதி. அண்ணன் இப்போது தினமும் வருகிறான். பைகள் நிமிர்ந்து நிற்கின்றன. இன்னும் வீட்டில் இருக்கும்போது அவனுக்குப் பேச்சு குறைவுதான். அது பெட்டி கட்டித் தீர்க்கிற காரியம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்த இரண்டும் இருக்கிற வரைக்கும், வருஷா வருஷம் வெயில் ஏறுவதற்கு முன்னால், நான் போய் அந்த டப்பின் அடியைத் தடவிப் பார்ப்பேன். அண்ணனை அந்த அறையில் ஒரு முழுப் பகலும் தனியாக உட்காரவிடமாட்டேன். எஸ்தரோடு உங்களுக்குப் பதிலாக வாரம் ஒரு சண்டை நான் போடுகிறேன், அவளுக்கும் தொண்டை துருப்பிடிக்கக் கூடாது அல்லவா?

உங்களிடம் ஏச்சு வாங்கியே ஆளான கொழுந்தன்,
இசக்கி
தாராவி